கல்யாண வீட்டு எலியும் தோப்புப் பூனையும்

ஐம்பதுகளின் தொடக்கத்தில் கெலமங்கலத்துப் பக்கம் எலி செத்தால் ஊர் கிளம்பிவிடும். கூரையிலிருந்து எலி தானாக விழுந்து செத்தால் பிளேக் வரப்போகிறது என்று பொருள். ராகி மூட்டை, மாடு, கோழி, உரல் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஜனங்கள் நிலத்துக்குப் போய்க் கொட்டாய் போட்டுக்கொள்வார்கள். சீக்கு அடங்கிய பிறகு திரும்புவார்கள். பழகிய வேலை என்பதால் யாரும் பதறுவதில்லை.

பூனையை மட்டும் யாரும் ஏற்றிக்கொண்டு போனதில்லை. பூனைக்குச் சொந்தம் வீடுதான், ஆட்கள் அல்ல என்பது ஊரின் தீர்மானம். காலி வீட்டில் பாலும் இல்லை, மிச்சச் சோறும் இல்லை. பூனைகள் புளியந்தோப்புக்கும் அதைத் தாண்டிய கரட்டுக் குன்றுக்கும் குடிபோய்க் குட்டி போட்டன. அந்தக் குட்டிகளைப் பொறுத்தவரை மனிதன் கல்லெறிகிற ஒரு விலங்கு. ஊர் திரும்பியபோது வேலியோரம் கௌதாரி கூப்பிடுவது நின்றுபோயிருந்தது. ஓணான் அடிக்கப் பையன்கள் அடுத்த ஊருக்குப் போக வேண்டியிருந்தது.

நான் அப்போது ஒரு சேலத்துப் பத்திரிகைக்கு வட்டாரச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு விவசாயியின் வீட்டு முன்னறையில் குடியிருந்தேன். வீட்டுக்காரர் தன் மகளைப் பக்கத்துத் தளி ஊரில் கொடுக்க நிச்சயம் செய்திருந்தார். முகூர்த்தத்துக்குச் சில வாரங்களே இருக்கையில், வாசல் பெருக்கப் போன அவர் மனைவி ஒரு செத்த எலியை முறத்தில் ஏந்திக்கொண்டு வந்தார்.

வீட்டுக்காரர் எலியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"பேப்பர்காரரே, இது பேப்பருக்குப் போற எலி இல்லீங்க."

ஒற்றை எலியை அச்சடிக்கும் அளவுக்கு எங்கள் பத்திரிகையில் இடம் இல்லை என்றேன்.

"கழுத்தப் பாருங்க, பல்லு பட்டிருக்குது" என்றார் மனைவி. "தோப்புலருந்து வந்து மாட்டுக் கொட்டகப் பரண்ல குட்டி போட்டிருக்குதே, அந்தச் சாம்பப் பூன கடிச்சது. தானா விழுந்த எலிக்குக் காயம் இருக்குமா?"

"அதத்தான் நானும் சொல்றேன்."

"நீங்க எங்க சொன்னீங்க? அவரு வாயக் கட்டறதுலயே இருந்தீங்க."

எலி விழுந்த வீடு என்று பெயர் வந்துவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் அங்கே தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். முந்தின வருடம் இதே காரணத்துக்காக அந்தப் பெண்ணுக்கு வந்த ஒரு சம்பந்தம் கைநழுவிப் போயிருந்தது. மறுநாளும் ஒரு எலி கிடந்தது. அதற்கு அடுத்து எரவாணத்தடியில் ஒன்று. யார் சொன்னார்களோ, சுகாதார இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"பூன கடிச்சதுங்க சாமி" என்று வீட்டுக்காரர் எலியின் கழுத்தைக் காட்டினார்.

இன்ஸ்பெக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். "பூனை கடிச்சா பிளேக் இல்லைன்னு யாரு ஓய் சொன்னா? நல்ல எலி ஓடிப்போயிடும். சீக்கு எலிதான் தள்ளாடும். அதைத்தான் பூனை சுலபமா பிடிக்கும். எலி மேல இருக்கிற தெள்ளுப்பூச்சி பூனை மேல ஏறும். பூனை மேலேர்ந்து உம்ம மேல ஏறும்."

"இது ஓடற எலியவே புடிக்கும் சாமி. சித்த நேரம் உக்காந்து பாருங்க."

இன்ஸ்பெக்டர் மோர் வாங்கிக்கொண்டு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் பூனை வேலி தாண்டி வந்தது. வாயில் ஓணான். பரணேறிக் குட்டிகளுக்குக் கொடுத்துவிட்டுப் போயிற்று. அடுத்த நடையில் அணில். அதற்குப் பின் ஒரு கௌதாரிக் குஞ்சு, கால் இன்னும் உதறிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துத் தானியக் குதிரடியிலிருந்து ஒரு கொழுத்த எலி முற்றத்தைக் கடந்து ஓடியது. பூனை நின்று அதைப் பார்த்தது. பிறகு பரணேறிவிட்டது.

"ஓடற எலி" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கல்யாண வீடு பாருங்க" என்றார் மனைவி. "விருந்துச் சாப்பாடுதான் அதுக்கு எறங்குது."

இன்ஸ்பெக்டர் செத்த எலியைத் தகர டப்பாவில் போட்டுச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார். பதில் வர நாளாகும், அதுவரை வீட்டுக்குள் கூட்டம் கூடாது, கல்யாணத்தைத் தோப்பில் வெயில் படும் இடத்தில் வைக்க வேண்டும், வீட்டில் எல்லோரும் பிளேக் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்காரர் என்னையும் அழைத்துக்கொண்டு தளிக்கு பஸ் ஏறினார். சம்பந்தி பஸ் நிற்கும் இடத்திலேயே காத்திருந்து எங்களை டீக்கடையில் உட்காரவைத்தார். வீட்டில் ஆள் கொள்ளாது, தோப்பில் வைக்கலாமா என்று இவர் கேட்டு முடிப்பதற்குள் அவர் ஒப்புக்கொண்டார். மறுவீட்டு விருந்தையும் அங்கேயே முடித்துவிடலாம் என்றார். வீட்டுக்கு வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"பெரிய மனுசன்" என்றார் வீட்டுக்காரர், திரும்பும் வழியில்.

ஊசி மருந்து வந்து சேர முகூர்த்தத்துக்கு முதல் நாள் ஆகிவிட்டது. பிளேக் ஊசி போட்ட கை மறுநாள் இட்லிபோல் வீங்கும். தொட்டால் உயிர் போகும். வீட்டார் எல்லோரும் முழுக்கைச் சட்டையிலும் புடவைத் தலைப்பிலும் அதை மறைத்துக்கொண்டு தோப்பில் நின்றார்கள்.

தாலி கட்டக் கையைத் தூக்கியபோது மாப்பிள்ளை முகம் சுளித்தார். வெட்கம் என்று பெண்கள் சிரித்தார்கள். பிறகு வழக்கப்படி சம்பந்திகள் இருவரும் சந்தனம் பூசிக்கொண்டு கட்டித் தழுவ வந்தார்கள். தழுவிய வேகத்தில் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் "அப்பா" என்று அலறி விலகினார்கள். ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள்.

"பூனைங்க" என்றார் வீட்டுக்காரர், யாரும் கேட்காமலே.

"நம்மூரல்லூ பெக்கே" என்றார் சம்பந்தி. அங்கேயும் பூனைதானாம்.

இருவரும் இன்ஸ்பெக்டரைத் தேடினார்கள். இரண்டு ஊருக்கும் ஊசி போட்டவர் அவரே. அவர் பந்தியில் தலை நிமிராமல் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார்.

சோதனையின் பதில் அந்த வாரக் கடைசியில் வந்தது. எங்கள் எலிக்குக் கழுத்தில் பல் பட்டதைத் தவிர வேறு கேடு இல்லை. தளியில் அவர் எடுத்துப்போன எலிக்குப் பிளேக். ஊசியின் புண்ணியத்தில் யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. ஆனால் தளி வீட்டைக் காலி செய்தாக வேண்டும். வண்டிகள் நேராக எங்கள் தோப்புக்கே வந்தன. கல்யாணப் பந்தல் பிரிக்கப்படாமல் இருந்தது வசதியாகப் போயிற்று. மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா, தம்பிகள், மாடுகள் எல்லோரும் அதன் கீழ் இறங்கினார்கள்.

ராகி அறுவடை முடிந்தும் அவர்கள் அங்கேயே இருந்தார்கள். தினமும் தோப்புக்குக் களிச் சட்டி சுமந்துபோன வீட்டுக்காரரின் மனைவி ஒருநாள் அதை இறக்கிவைத்துவிட்டுக் கணவரிடம் கேட்டார்:

"ஏங்க, இந்த மறுவீட்டு விருந்து எப்பங்க முடியும்?"