சென்னிமலை மறைத்த புண்

என் அக்கா நாச்சம்மாளின் கணவர் சென்னிமலை, வேலந்தாவளம் சந்தையில் மாட்டுத் தரகர். பொய்யர் என்று சொல்ல மாட்டேன். மாட்டின் குறையைக் கேட்காதவரிடம் சொல்ல மாட்டார், கேட்டவரிடமும் சொல்ல மாட்டார், அவ்வளவுதான். குளம்பில் புண் இருந்தால் மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசி, மேலே சேற்றை அப்பிச் சந்தைக்கு ஓட்டி வந்துவிடுவார்.

1978இல் அவருக்கு இடுப்பு வலி பிடித்துக்கொண்டது. ஒரு வருடம் திண்டாடிவிட்டுக் கோயமுத்தூரில் ஒரு எலும்பு டாக்டரிடம் போனார். முதுகெலும்பு மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் வலி குறையும் என்றார் டாக்டர். ஆனால் அந்த மருந்து, கிருமியை எதிர்க்கும் சக்தியையும் அந்த இடத்தில் குறைத்துவிடுமாம். உடம்பில் எங்காவது சீழ் இருந்தால், அது ஆறும்வரை ஊசி கிடையாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

"புண்ணு, காய்ச்சல் ஏதாச்சும் இருக்குதா?"

"ஒண்ணுமில்லீங்க."

முந்தின வாரம்தான் ஒரு காளை அவர் காலை மிதித்து, கட்டைவிரல் சீழ் பிடித்திருந்தது. ஆறும்வரை காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை. புண்ணில் மஞ்சளைப் பூசி, இரவல் ஷூவுக்குள் திணித்துக்கொண்டு போயிருந்தார். படுக்கச் சொன்னபோதும் சாக்ஸைக் கழற்றவில்லை. மனுஷன் தன்னையே டாக்டரிடம் விற்றுவிட்டு வந்தார்.

ஊசி போட்டபின் பத்து நாள் ராஜா மாதிரி நடந்தார். பதினோராம் நாள் குளிர்காய்ச்சல் வந்தது. முதுகு முன்னைவிட வலித்தது. "மருந்து வேகம் எறங்குது, வேறொண்ணுமில்ல" என்று மாத்திரையை விழுங்கிப் படுத்தார். விடிந்து பார்த்தால் இரண்டு கால்களும் மரத்துக் கிடந்தன. அக்கா வாடகைக் காரைப் பிடித்து, என்னையும் ஏற்றிக்கொண்டு கோயமுத்தூருக்கு விடச் சொன்னாள்.

டாக்டர் அவர் கண்ணைத் துணியால் மூடினார். "கால்ல எந்த விரலத் தொடறேன், சொல்லுங்க."

"சுண்டு வெரலுங்க."

டாக்டர் எந்த விரலையும் தொடவே இல்லை.

"ஏனுங்க டாக்டர், அவரு சொல்றத நம்பாதீங்க" என்றாள் அக்கா. "கால்ல சீப்புடிச்ச புண்ணோடதான் ஊசி போட்டுக்கிட்டாருங்க. எனக்கும் தெரியுமுங்க. நானும் வாயத் தொறக்காம இருந்துட்டனுங்க."

தண்டுவடத்துக்குப் பக்கத்தில் சீழ் கட்டியிருந்தது. உடனே எடுக்காவிட்டால் கால் போய்விடும், எடுத்தாலும் காலில் உணர்ச்சி திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். அன்றைக்கே ஆபரேஷன் நடந்தது. அடுத்த இரண்டு நாளும் கிருமிக்கான ஊசிகள் ஏறிக்கொண்டே இருந்தன. எனக்கு அந்த ஆள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. முகத்தைப் பார்த்தால் அழுகையும் வந்தது.

மூன்றாம் நாள் டாக்டர் போர்வைக்குள் கைவிட்டு அவர் உள்ளங்காலைக் கிள்ளினார். கால் வெடுக்கென்று இழுத்துக்கொண்டது.

"வலிக்குதுங்க" என்றார் சென்னிமலை.

டாக்டர் சிரித்துவிட்டார். புருஷனின் வலி போக வேண்டும் என்று ஒரு வருடமாகக் கோயில் கோயிலாக நேர்ந்துகொண்டவள் என் அக்கா. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"அந்தக் காலையுங் கிள்ளிப் பாருங்க."

அதுவும் வலித்தது. அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.