பாலத்து இறக்கம்

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு என் புதுக் காரை ஓட்ட வந்த ஆக்டிங் டிரைவர் அவர். தலையெல்லாம் நரை. மேலுதட்டை மறைக்கும் மீசைக்கு மட்டும் சாயம். பாலம் வந்தால் உச்சியில் இன்ஜினை அணைத்துவிட்டு, காரை இறக்கத்தில் உருளவிடுவார்.

வெள்ளாற்றுப் பாலத்திலும் அணைத்தார். "பெட்ரோல் என்னோடதுதானே, விடுங்க" என்றேன்.

"பெட்ரோல் உங்களுது சார். பழக்கம் என்னுது."

அவருடைய பழைய அம்பாசிடர் அந்த உருட்டலிலேயே பாலத்தடி டீக்கடை வாசல்வரை போய் நிற்குமாம். என் கார் கடைக்குக் கொஞ்சம் முன்பே நின்றுவிட்டது.

"ஸ்டார்ட் பண்ணா மிச்சம் புடிச்சதெல்லாம் போயிடும். கொஞ்சம் எறங்கித் தள்ளுங்க சார்."

என்னவோ தெரியவில்லை, இறங்கித் தள்ளினேன். அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உள்ளேயே இருந்தார்.

"புது வண்டியா தெரியுது, அதுக்குள்ள ரிப்பேரா?" என்றார் டீக்கடைக்காரர்.

டிரைவர் வருத்தத்தோடு தலையாட்டினார். "அம்பாசிடர் ஒருநாளும் ஓனரத் தள்ள வுட்டதில்ல."

அம்பாசிடரைத் தள்ளாதவர்களே எங்கள் மாவட்டத்தில் கிடையாது. டிரைவர் அப்படிச் சொன்னபோது அந்த மீசைக்குக் கீழே சிரிப்பு இருந்ததா என்பதுதான் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.