கண்டாக்கு சொன்ன சாட்சி

இன்று காலை ஆராதனையில் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மனைவி கிள்ளிய தொடை இன்னும் எரிகிறது.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு சாட்சி சொல்ல எழுந்தார். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் ஆட்களை நாயை விரட்டுவதுபோல் விரட்டுகிற அதே மனிதர், கோட்டும் டையுமாக, குரலில் தேன் ஒழுக நின்றார்.

"ஆராதனைக்கு வரத் தொடங்கினதுல இருந்து எனக்குக் கோபமே வர்றதில்லைங்க. கர்த்தர் என்னை மாத்திட்டாரு. மனசெல்லாம் சந்தோஷம்."

கதவு கிரீச்சிட்டது. கொழுந்தெடுக்கும் ராக்கேல், கைக்குழந்தையோடு மழையில் நனைந்து வந்து நின்றாள்.

"ஏய், லேட்டு! அரைப்பேர்!" என்று கத்திவிட்டார் கண்டாக்கு.

ராக்கேல் அசரவில்லை. "நேத்துத்தானேங்கய்யா அரைப்பேர் போட்டு பாதிச் சம்பளத்தை வெட்டுனீங்க. இன்னைக்குக் கோயில்லயுமா?"

அங்கேதான் நான் சிரித்தேன். கோயிலே சேர்ந்துகொண்டது.

கண்டாக்குக்கு முகம் கறுத்துப் போனது. "நேத்தைக்கும் உனக்கு முழுப்பேர்தான், புள்ள. உக்காரு."

ராக்கேல் அழுதாள். பாதிரியார் உருகி "ஆமென்" என்றார். எனக்குக் கொட்டாவி வந்தது. ஆராதனை மாற்றியதாம்! நாலு பேர் சிரித்த வெட்கத்தில் மாறிய மனிதர் அவர். நாளைப் பெரட்டில் பழைய வாய் திரும்பிவிடும். இல்லையென்று சொல்ல யாராவது இருந்தால் வாருங்கள், பேசுவோம்.

சொல்ல மறந்தேன், நான் கணக்கப்பிள்ளை; கண்டாக்குக்குக் கீழே ஒரு மலையில் ஆட்களுக்குப் பேர் போடுகிறவன். என் மலையில் நேற்று நான் அரைப்பேர் போட்ட பெண்களும் அந்தப் பெஞ்சுகளில்தான் இருந்தார்கள். அவர்களுக்கு இன்னும் அரைப்பேர்தான்.