டிரம்முக்குக் கீழே

நத்தைக்காரருக்கு யாரையும் நம்புகிற வழக்கமே கிடையாது. மனைவி தேநீர் கொடுத்தால்கூட ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். வேலை சுகாதார அலுவலகத்தில். நோய் பரப்பும் நத்தைகளைக் கொல்ல, ஓடைக்கரையில் மருந்து டிரம்மை வைத்துக் குழாயைச் சொட்டவிடுவது பதினெட்டு வருஷமாக அவர்தான். எவ்வளவு சொட்ட வேண்டும் என்பது தண்ணீரின் ஓட்டத்தைப் பொறுத்தது. கரையில் அடித்த இரண்டு முளைகளுக்கு நடுவே ஒரு மரத்துண்டை மிதக்கவிட்டு, அது கடக்கிற நேரத்தை ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும்.

அன்றைக்குக் காலையில் அவருடைய தங்கை வந்து கூடையை வாசலில் கவிழ்த்தாள். அத்தனையும் செத்த மீன். ஓடை மீனை விற்றுத்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது.

"எல்லாம் வாயைப் பிளந்துட்டு மிதக்குது அண்ணா. தவளைகூடச் செத்துக் கிடக்கு. இனி நான் எதைப் பிடிச்சு விப்பேன்?"

"வேற யாரு? அந்தச் சாயப்பட்டறைக்காரன்தான்! அவன் முழியே சரியில்லைன்னு அன்னைக்கே சொன்னேனா இல்லையா?"

விழுந்தடித்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். சாயப்பட்டறைக்காரர் பூட்டிய கதவைக் காட்டினார்.

"மோட்டார் எரிஞ்சு அஞ்சு நாளாச்சுங்க. கழிவுக் கால்வாயைப் பாருங்க, காஞ்சு கிடக்கு."

நடிக்கிறான், இவனையெல்லாம் நம்பலாமா? கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று நத்தைக்காரர் கரையோடு, ஓட்டத்துக்கு எதிராக மேலே நடந்தார். பட்டறைக் கால்வாயைத் தாண்டியும் மீன்கள் செத்துக் கிடந்தன. பாலத்தையும் தாண்டினார். தலைப்பிரட்டைகள் கரையோரம் கறுப்பாக ஒதுங்கியிருந்தன. அதற்குச் சற்று மேலே மீன்குஞ்சுகள் துள்ளி ஓடிக்கொண்டிருந்தன. செத்ததற்கும் உயிரோடு இருந்ததற்கும் நடுவே, கரையில் நின்றது அவருடைய டிரம்.

ஐயோ! மரத்துண்டு பைக்குள்ளேயே கிடந்தது. அளவுதான் தெரியுமே என்று, மழை மாதத்துக் கணக்கிலேயே குழாயைத் திருகிவிட்டுப் போயிருந்தார். ஓடையோ இப்போது கணுக்கால் அளவுக்கு வற்றிவிட்டது. ஊரையே சந்தேகப்பட்ட மனுஷன் தன் கையை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. குழாயை இறுக்கி மூடினார்.

தங்கை இன்னும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"நான்தாம்மா. என் மருந்துதான். அளக்காம விட்டுட்டேன்."

அவள் செத்த மீன்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையில் போட்டாள்.

"மருந்து நத்தையைத் தவிர எதையும் தொடாதுன்னு நீ சொன்னதாலதானே உன் டிரம்முக்குக் கீழே வலை போட்டேன். யாரையும் நம்பாதேன்னு சொல்லுவியே அண்ணா, உன்னை மட்டும்தானே நான் நம்பினேன்."