உயிரோடு என்று எழுதிக்கொண்டவர்

மரச்சீனிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்த அம்மாவின் கத்தி பாதியில் நின்றது இன்றும் என் கண்ணில் இருக்கிறது. கருங்கல் என்ற ஊருக்கு அருகில் எங்கள் வீட்டு முன்னறை. சுகாதாரக் கணக்கெடுப்புக்காக வந்த பெண்மணி மடியில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு என்னிடம் கேள்விகள் கேட்டுக்கொண்டிருந்தார். பெயர் சொன்னார், மறந்துவிட்டது. எங்கள் பகுதியில் எல்லோரும் அவரை 'சர்வே டீச்சர்' என்றார்கள்.

கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர், எல்லோரும் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அம்மா பதில் சொல்லிவிட்டாள். "ஒரு அண்ணன் துபாயில. ஒரு அக்கா இருந்தா. செத்துப் போனா."

அக்கா சாகவில்லை. கிறிஸ்தவர்களான எங்களை மீறி, கொட்டாரம் ஊரைச் சேர்ந்த ஓர் இந்துப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போயிருந்தாள். அன்றே அப்பா, இனி அவள் செத்தவள் என்று சொல்லிவிட்டார். அடுத்த வருடம் அப்பா மாரடைப்பில் இறந்தபோது, கல்லறைத் தோட்டத்து வாசல் வரை வந்த அக்காவைச் சொந்தக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். அம்மா அவர்களைத் தடுக்கவில்லை. அப்பாவின் வார்த்தையைக் காப்பது தன் கடமை என்று நினைத்தாள் போலும். அக்கா எனக்குப் போன் செய்வாள். அதை நான் வீட்டில் பேசியதில்லை.

அக்கா செத்துவிட்டாள் என்றதும் கேள்விகள் நீண்டன. "எத்தனை வயசுலம்மா தவறுனாங்க?" அம்மா ஏதோ ஒரு வயதைச் சொன்னாள். "என்ன செஞ்சுது?" அம்மா கிழங்கைப் பார்த்தாள். "காய்ச்சல்" என்றாள். டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சின்ன வயசுல போன பொம்பளைங்கன்னா எல்லார் வீட்டுலயும் இதைக் கேக்கணும்மா. அப்ப அவங்க மாசமா இருந்தாங்களா? இல்ல, பிரசவம் ஆகியிருந்துதா?"

அப்போதுதான் கத்தி நின்றது. "தெரியாது டீச்சரே. பெத்தாளா, பெறல்லியா, எனக்கு ஒண்ணும் தெரியாது."

அவர் நினைத்திருந்தால் 'தெரியாது' என்பதைத் தொட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கலாம். அந்தத் தெருவில் இன்னும் எத்தனையோ வீடுகள் அவருக்குப் பாக்கி. ஆனால் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தார். என்னிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். மெதுவாகக் குடித்து முடித்துவிட்டு, "அம்மா, அவங்க நெசமாவே இறந்துட்டாங்களா, இல்ல இறந்ததா வச்சிருக்கீங்களா? உள்ளதைச் சொல்லுங்க, அதையே எழுதிக்கிறேன்" என்றார். குரலில் கண்டிப்பு இல்லை.

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்பாவின் அடக்கத்தன்றுகூட அவள் அப்படி அழுததில்லை. பிறகு சொன்னாள்: "செத்தான்னு எழுதாத மக்கா. எனக்க பிள்ள உசிரோட இருக்கா."

"இப்ப வயசு என்னம்மா?"

"வாற கிறிஸ்துமஸுக்கு இருபத்தெட்டு" என்றாள் அம்மா, யோசிக்காமல்.

டீச்சர் போன பிறகு அம்மா என் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, அவளுக்க நம்பர் உனக்கிட்ட உண்டுல்லா?" எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறாள். நான் போன் போட்டுக் கொடுத்தேன். அம்மாதான் முதலில் கேட்டாள்: "மக்ளே, உனக்குப் பிள்ள உண்டா?"

"ஒண்ணு உண்டும்மா. நடக்கத் தொடங்கியாச்சு."

அந்த ஞாயிற்றுக்கிழமையே அக்கா, கணவனும் குழந்தையுமாக வந்தாள். இன்று அம்மா மாதத்தில் பாதி நாள் கொட்டாரத்தில்தான். பேரனைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிடுவது அவள் வேலை. கணக்கெடுப்பு முடிவுகள் செய்தித்தாளில் வரும்போதெல்லாம், ஒவ்வொரு பதிலுக்கும் கேட்டவர் எவ்வளவு நேரம் காத்திருந்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். சர்வே டீச்சரை அதன்பின் நான் பார்க்கவில்லை. நன்றி சொல்ல அவர் ஊர்கூடத் தெரியாது.

சர்வே டீச்சரிடம் அன்று சொன்ன பதில்களைச் சரிபார்க்க, அவர் வந்துபோன சில வாரங்களிலேயே வேறொரு பெண் வந்தாள். கூடப்பிறந்தவர்கள் பற்றிய கேள்வி வந்தபோது இந்த முறையும் அம்மாதான் முந்திக்கொண்டாள். "ஒரு அண்ணன், ஒரு அக்கா. ரெண்டு பேரும் உசிரோட இருக்காவ." குழந்தையோடு வந்து தங்கியிருந்த அக்காவை அடுக்களையிலிருந்து கூப்பிட்டாள். அந்தப் பெண் சிரித்தபடி, "ஆளைக் காட்ட வேண்டாம்மா, சொன்னாலே போதும்" என்றாள்.

"போதாது மக்கா," என்றாள் அம்மா. "பாத்துட்டு எழுது."