ஒன்பது பேருக்குத் தேநீர்ப் பாடம்

ஐவி டீச்சருக்கு நாற்பத்தொரு வயது. டயகமவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்ட டிவிஷனில், தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவைப் பதினாறு வருடமாகப் பார்த்து வருகிறார். இடக்கைக்காரர். பதினேழு குழந்தைகளுக்கான தண்ணீருக்காக 212 படி இறங்கி ஏறி, இடது கையில் வாளியைத் தூக்கி வருவார். படிகளை நான் இருமுறை எண்ணியிருக்கிறேன்.

காம்பராவுக்கு மேலே ஊற்று இருக்கிறது. குழாய் போட்டால் அது லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கும் வேலாயியின் லீக்ஸ் காய்கறிப் பாத்தியைத் தாண்டித்தான் வர வேண்டும். வேலாயி இடம் கொடுக்கவில்லை. முந்தின வருடம் அதே குழாய் வேலைக்கு வந்த வெளிநாட்டு மாணவர்கள், அவர் நீட்டிய பால் கலக்காத பிளேன்டீயைத் தண்ணீருக்குப் பயந்து தொடவில்லை.

"என் வீட்டுத் தண்ணி ஆகாது, தோட்டம் மட்டும் ஆகுமாக்கும்?" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

2024 பெப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை, அடுத்த குழு வந்தது. ஒன்பது பேர். வளர்முக நாட்டில் எப்படி நடந்துகொள்வது என்று தங்கள் ஊரில் மூன்று மாதம் படித்துவிட்டு வந்திருந்தார்கள். அவர்களைப் பழக்க ஐவி டீச்சர் கேட்டது ஒரு காலைப்பொழுது மட்டும். முந்தின நாளே வேலாயியிடம் போய், "ஒரு தடவ ஊத்திப் பாருங்கக்கா. குடிக்கலேன்னா குழாய்ப் பேச்சே எடுக்க மாட்டேன்" என்று சொல்லி வைத்திருந்தார்.

அன்று பனிமூட்டம் 6.40க்கு இறங்கி 9.15 வரை கலையவில்லை. ஜன்னலுக்கு வெளியே மலையும் இல்லை, தேயிலையும் இல்லை. தொட்டில்கள் தாமாகவே ஆடுவதுபோல் மெல்ல ஆடின. டீச்சருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான், கைதான் பேசியது. கேத்தல் கொதிப்பதைக் காட்டினார். உள்ளங்கையில் சீனி. ஒரு நக்கு, ஒரு மிடறு. ஒன்பது பேரும் அவர் கையையே பார்த்து, அப்படியே செய்தார்கள். ஆவி எழுந்து பனியோடு கலந்தது. "நல்லா இருக்குங்க அக்கா" என்று டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி அவர்கள் சொல்ல, விழித்திருந்த குழந்தைகள் சிரித்தன.

9.20க்கு லயத்துக்கு நடந்தார்கள். வேலாயி தட்டோடு வாசலில் நின்றார். ஒன்பது இடது கைகள் நீண்டன.

டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. இடது கையால் வாங்குவது எங்கள் பக்கம் அவமரியாதை. அதைச் சொல்லிக்கொடுக்க அவருக்கே தோன்றவில்லை.

வேலாயி ஒவ்வொரு கையாகப் பார்த்தார்.

"அடியே ஐவி! அம்புட்டுப் பேரையும் ஒன்ன மாதிரியே நொட்டாங்கையா பழக்கி வச்சிருக்கியே!"

"மன்னிச்சிருங்கக்கா. நானே கவனிக்கல."

"ஒரு ஐவியோட பட்டது பத்தாதுன்னு இன்னும் ஒம்பதா!"

சிரிப்பில் தட்டு ஆடியது. மாணவர்கள் சீனியை நக்கி, கடைசி மிடறுவரை குடித்து, ஒரே குரலில் "நல்லா இருக்குங்க அக்கா" என்றார்கள்.

"சரி சரி. குழாய்க்கு வேலி ஓரமா வெட்டச் சொல்லு. லீக்ஸ் மேல கால் பட்டுச்சு, அப்புறம் தெரியும்."

சனிக்கிழமை மாலை 4.05க்குக் காம்பராவுக்குத் தண்ணீர் வந்தது. அப்போதும் பனி. குழாய் போன வழி தெரியவில்லை. மேகத்திலிருந்தே வடிவதுபோல் இருந்தது. வாளி நிறைய 48 விநாடி ஆனது. நிறைந்த பிறகும், தூக்கிப் பழகிய இடது கையைப் பிடியிலிருந்து எடுக்காமல் ஐவி டீச்சர் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.