நாலு கட்டத்துக்குள் காற்று

எங்கள் அத்தானுக்குத் தெருவில் ‘காத்து ஆபீசர்’ என்று பெயர். ஆபீசரும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. மாசு அளக்கும் அலுவலகத்தில் டெக்னீஷியன். இருபத்தாறு வருஷம் காற்றை அளந்தும் அதைப் பற்றி ஒரு நாள்கூட யோசிக்காமல் இருப்பது எப்படி என்று யாருக்காவது தெரிய வேண்டுமானால் அவரைப் போய்ப் பார்க்கலாம்.

விமான நிலைய வேலியை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. உள்ளே தூசி பிடிக்கும் இயந்திரம். அதிலிருந்து ஃபில்டர் தாளை எடுத்து எடை போட்டு எழுதுவதுதான் உத்தியோகம். விமானப் புகையில் வரும் கரித்துகள் அவ்வளவு பொடி. கோடிக்கணக்கில் விழுந்தாலும் தராசு அதைச் சட்டை செய்யாது, ஆனால் நுரையீரலின் அடிவரை போய் உட்கார்ந்துகொள்ளும். இதைப் பயிற்சி வகுப்பில் அவருக்கே சொல்லிக் கொடுத்தார்கள். மனுஷன் தலையாட்டிவிட்டு வந்து மறுநாளும் எடை போட்டார்.

அவர் வீடு வேலியிலிருந்து இரண்டாவது தெரு. புறப்படக் காத்திருக்கும் விமானங்கள் இன்ஜினை ஓடவிட்டபடி வரிசையில் நிற்பது அவர்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே. கொடியில் காயும் துணியில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். என் அக்காவுக்கு ஆறு வருஷமாக மூச்சிழுப்பு. காற்று நன்றாக இருக்கும் நாளில் மட்டும் ஜன்னலைத் திறக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அக்கா தினமும் கொட்டகைக்குப் போன் போடுவாள்.

“இன்னைக்கு எப்படிங்க?”

“எல்லாம் நார்மல்தான்.”

அவ்வளவுதான், ஜன்னல் திறந்துவிடும். கட்டிய புருஷன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிய அப்பாவி அவள்.

விமான வரிசையை ஆளில்லாத மறுபக்கத்துக்கு மாற்றச் சொல்லித் தெருவே சேர்ந்து மனுக் கொடுத்தது. விசாரணைக் குழு ஒரு புதுக் கருவியை அனுப்பியது. அது எடை போடாது, துகள்களை எண்ணும். ஒரு மாதம் எண்ணிப் பார்த்து முடிவு செய்வோம் என்றார்கள். எண்ணிக்கையை எழுத நியமிக்கப்பட்டவர் வேறு யார், நம் ஆபீசர்தான். அக்கா அந்த மாதம் முழுக்க நல்ல மூச்சுக்காகக் காத்திருந்தாள். நடுவில் ஒரு வாரம் ஆஸ்பத்திரியிலும் கிடந்தாள்.

முடிவு வந்தது. சராசரி எட்டாயிரத்துச் சொச்சம், கவலைப்பட ஒன்றுமில்லை, மனு தள்ளுபடி.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போய் அத்தானிடம் அவர் எழுதிய எண்ணிக்கைத் தாளின் நகலை வாங்கிப் பார்த்தேன். முப்பது நாளில் பதினேழு நாளுக்கு எண்ணே இல்லை. அழகான கையெழுத்தில் ‘கருவிக் கோளாறு’ என்று மட்டும் இருந்தது.

“பதினேழு நாளா மெஷின் ரிப்பேரா, அத்தான்?”

“மெஷின் நல்லாத்தான் ஓடிச்சு. காத்து பிளேன் நிக்கற பக்கத்துலேர்ந்து அடிச்சா அறுபதாயிரம், எழுபதாயிரம்னு காட்டும். ஃபாரத்துல நாலு கட்டம்தானே இருக்கு. அஞ்சு இலக்கத்தை எங்க எழுதறது?”

முதலில் விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். இல்லை.

“ஓரத்துல எழுதக் கூடாதா?”

“ஓரத்துல எழுதினா ஃபாரம் திரும்பி வந்துடும்மா. கட்டத்துல அடங்கலேன்னா கோளாறுன்னு போடணும். வழக்கமே அதான்.”

யாரிடமாவது கை நீட்டி வாங்கியிருந்தால்கூட அயோக்கியன் என்று திட்டி ஆறியிருப்பேன். ஒருவரும் அவருக்கு ஒரு டீ வாங்கித் தரவில்லை. நாலு கட்டத்துக்காக ஒரு தெருவையே விழுங்கிவிட்டு, மனுஷன் பிஸ்கெட் தின்றுகொண்டிருந்தார்.

“நாளைக்கே போய்ச் சொல்லுங்க.”

“முடிச்ச ஃபைலும்மா அது. எனக்கு இன்னும் எட்டு மாசம்தான் சர்வீஸ் இருக்கு. எதுக்கு வம்பு?”

கட்டிலில் சாய்ந்திருந்த அக்கா மெதுவாக எழுந்து வந்தாள். தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“அந்தப் பதினேழு நாளும் எனக்கு நார்மல்னு சொன்னீங்களே?”

“கோளாறுன்னா கணக்குல வராதும்மா. மீதி எல்லாம் நார்மல்தானே?”

“என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனீங்களே, அது பன்னெண்டாம் தேதி.”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாளின் மேலிருந்து விரலை இறக்கிக்கொண்டே வந்தார். பன்னிரண்டில் விரல் நின்றது. அப்போதும் அந்த மனுஷனின் வாயிலிருந்து அவர் எழுதியிருந்ததுதான் வந்தது.

“கருவிக் கோளாறு.”